மாண்டிசோரி என்றால் விளையாட்டு வழிக் கல்வியா?

மழலையர் பள்ளித் துண்டறிக்கைகளில் ‘மாண்டிசோரி’ என்று போட்டு, பக்கத்திலேயே ‘விளையாட்டு வழிக் கல்வி’ என்று அச்சடிக்கிறார்கள். கல்விக் கட்டுரைகளை மொழிபெயர்ப்பவர்களும் அதையே எடுத்தாள்கிறார்கள். இது தவறு.

மாண்டிசோரி ஓர் ஆளின் பெயர். 1870-இல் பிறந்த இத்தாலிய மருத்துவர் மரியா மாண்டிசோரி, 1907-இல் ரோம் நகரின் சான் லொரென்சோ என்ற ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் முதல் பள்ளியைத் தொடங்கினார். 1939-இல் அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். சொல்லின் கதை அவ்வளவுதான்.

சரி, விளையாட்டு எங்கிருந்து வந்தது? குழந்தை அங்கே செய்வதை அந்த அம்மையார் ‘வேலை’ என்றே சொன்னார். மாண்டிசோரி வகுப்பில் குழந்தை கையாளும் உருளைக் கட்டையையே பாருங்கள். ஒரே மரக்கட்டையில் பத்துக் குழிகள், அவற்றுக்கு அளவெடுத்த பத்து உருளைகள். ஒன்றை அதைவிடப் பெரிய குழியில் போட்டுவிட்டால், கடைசியில் ஓர் உருளை இடமில்லாமல் கையில் நிற்கும். தப்பைச் சொல்ல ஆசிரியர் வேண்டாம், கட்டையே சொல்லிவிடும். குழந்தை எல்லாவற்றையும் எடுத்து மறுபடி அடுக்கும். அந்த உருளைகளை ரயிலாக ஓட்ட ஆரம்பித்தால், ஆசிரியர் மெதுவாக வேறு பொருளின் பக்கம் திருப்புவார். இதை விளையாட்டு என்பது எப்படிப் பொருந்தும்?

வழக்கமான பள்ளியிலிருந்து இது பிரிவதும் இங்கேதான். அங்கே ஆசிரியர் நடத்துவார், வகுப்பே கேட்கும், மணி அடித்தால் பாடம் மாறும், தப்புக்குச் சிவப்பு மை. இங்கே மூன்று முதல் ஆறு வயதுக் குழந்தைகள் ஒரே அறையில் இருப்பார்கள். எடுத்த வேலையை முடிக்கும்வரை யாரும் குறுக்கிடுவதில்லை.

‘செயல்வழிக் கற்றல்’ எவ்வளவோ தேவலை. ஆனால் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் பாட அட்டைகளைக் கொண்டு கற்பித்த முறைக்கு அந்தப் பெயர் ஏற்கெனவே போய்விட்டது. ஆகவே ‘மாண்டிசோரி முறை’ என்றே எழுதுவோம். விளக்கம் தேவையென்றால் ‘தானே கற்கும் முறை’ போதும். தனித்தமிழில் எனக்கும் பற்று உண்டு, ஆனால் ஆள் பெயரைப் பெயர்த்து, பொருளையும் கெடுப்பது தமிழ்த்தொண்டு ஆகாது.

முதல் பள்ளியின் இத்தாலியப் பெயர் ‘காசா தேய் பம்பீனி’. அதைக் ‘குழந்தைகள் இல்லம்’ என்கிறார்கள். தமிழில் அப்படிச் சொன்னால் ஆதரவற்ற பிள்ளைகளின் விடுதிதான் நினைவுக்கு வரும். ‘காசா’ என்றால் வீடு. சின்ன நாற்காலி, கைக்கெட்டும் அலமாரி, பிள்ளைகளே கூட்டித் துடைக்கும் தரை என்று எல்லாம் அவர்கள் அளவுக்கு அமைந்த இடம் அது. ‘குழந்தைகள் வீடு’ என்று எழுதினால் குழப்பமே இல்லை.