மேசன்மேல் பழி போடுமுன் மூடியைப் புரட்டிப் பாருங்கள்

திருகோணமலையில் கடற்கரையோர வளவுகளில் மலக்குழி மூடி இடிந்தால் வீட்டுக்காரர் முதலில் சொல்வது, "மேசன் சீமெந்தைக் குறைச்சுப் போட்டிட்டான் தம்பி." சில இடங்களில் அது உண்மைதான். ஆனால் குழிச் சுவரைப் பாருங்கள். தண்ணீரில் மூழ்கிய பகுதி உறுதியாகவே இருக்கும். தண்ணீர் மட்டத்துக்கு மேலேயும் மூடியின் அடிப்பக்கத்திலும்தான் அரிப்பு. சீமெந்தும் ஒன்று, மேசனும் ஒருவர்.

உடைந்த துண்டைப் புரட்டி ஸ்குரூ டிரைவரால் சுரண்டினால், பிசைந்த மா போல வெள்ளையாக வழித்து வரும். சீமெந்திலுள்ள சுண்ணாம்பு ஜிப்சமாக மாறியிருக்கிறது. நீல லிட்மஸ் தாளை அந்த ஈரத்தில் வைத்தால் சிவக்கும், அமிலம் இருக்கிறது என்று அர்த்தம். புதுக் கொங்கிரீட்டின் பி.எச். (7க்குக் கீழே அமிலம், மேலே காரம் என்று காட்டும் அளவு) 12க்கு மேல். அப்படியானால் அமிலம் எங்கிருந்து வந்தது?

பக்டீரியாக்களிடமிருந்துதான். குழியடிச் சேற்றில், காற்றுப் படாத இடத்தில் வாழும் ஒரு கூட்டம் சல்பேற்றை (கந்தகம் சேர்ந்த உப்பை) ஐதரசன் சல்பைட்டு வாயுவாக்குகிறது. கூழ்முட்டை நாற்றம் அதனுடையதுதான். அந்த வாயு மூடியின் ஈரத்தில் படிய, காற்றோடு வாழும் வேறு பக்டீரியாக்கள் அதைச் சல்பூரிக் அமிலமாக்குகின்றன. பி.எச். இறங்க இறங்க மற்றவை ஒதுங்கிவிடும். அப்புறம் அசிடிதயோபசிலஸ் தயோஒக்சிடான்ஸ் என்ற பக்டீரியா வைத்ததே சட்டம். பி.எச். 2, 3 அளவில்தான் அது நன்றாகச் செழிக்கும். பின்னாளில் ஸ்ட்ரெப்டோமைசின் மருந்துக்காக நோபல் பரிசு வாங்கிய வக்ஸ்மன், ஜோஃப் என்பவரோடு சேர்ந்து 1922இல் விவரித்த கிருமி இது. இதன் வகையொன்று கழிவுநீர்க் குழாய்களின் கொங்கிரீட்டை அரிப்பதை 1945இல் மெல்பேர்ணில் பார்க்கர் என்ற ஆய்வாளர் எழுதினார்.

நம் கரையோரம் இவற்றுக்கு நல்ல விருந்து. கடல் நீரில் லீட்டருக்கு ஏறக்குறைய 2.7 கிராம் சல்பேற் உண்டு. உவரேறிய கிணற்றுத் தண்ணீரைக் கக்கூசுக்கு ஊற்றினால் அதில் ஒரு பங்கு குழிக்கும் போகும். வெயிலும் சேர்ந்தால் வேலை இன்னும் வேகமாக நடக்கும்.

"சல்பேற் எதிர்ப்புச் சீமெந்து போட்டால் சரிதானே?" என்று பலர் கேட்கிறார்கள். அது சல்பேற்றைத் தாங்கும், அமிலத்தைத் தாங்காது. கூரைக்கு மேலே போகும் காற்றுக் குழாயும், மூடியின் அடியில் எபொக்சிப் பூச்சும்தான் என் சிபாரிசு.

மூடியைவிட எனக்குப் பெரிய பயம், அதை மாற்ற வந்தவர் "ஒருக்கா இறங்கிப் பாப்பம்" என்று கால் வைப்பது. இந்த ஐதரசன் சல்பைட்டு நஞ்சு வாயு, காற்றைவிடக் கனமானது. மூடியைத் திறந்து வைத்தாலும் அடியில் தங்கி நிற்கும். சேற்றைக் கிளறினால் இன்னும் கிளம்பும். 100 பி.பி.எம். (காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கு) அளவில் மூக்கு மரத்துவிடும், நாற்றமே தெரியாது. அதைப் பார்த்து வாயு போய்விட்டது என்று நினைக்கக் கூடாது. கிணற்றுக்குச் செய்வதுபோல விளக்கு இறக்கிப் பார்ப்பதும் வேண்டாம். விளக்கு எரிந்தால் ஒட்சிசன் இருக்கிறது என்றுதான் அர்த்தம், நஞ்சு இல்லை என்றல்ல. குழியில் மெதேனும் இருக்கும், தீப்பிடிக்கும்.

மலக்குழி இறைக்கும் கல்லி பவுசரைக் கூப்பிட்டு மேலிருந்தே இறைக்கச் சொல்லுங்கள். யாராவது உள்ளே மயங்கி விழுந்தால், தம்பியோ மகனோ, பின்னாலேயே இறங்காதீர்கள். இரண்டாவதாக இறங்குபவரும் அதே வாயுவைத்தான் சுவாசிப்பார். 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழைத்து, ஆள் மலக்குழிக்குள் கிடக்கிறார் என்று முதல் வசனத்திலேயே சொல்லுங்கள்.