ஞாபக மாத்திரை கேட்டு வருபவர்களுக்கு

டிசம்பர் பிறந்துவிட்டால் என் கிளினிக்குக்கு பிளஸ் டூ பிள்ளைகளும் அவர்களை அழைத்துக்கொண்டு அம்மாக்களும் வரத் தொடங்குவார்கள். "விடிய விடியப் படிக்கிறா டாக்டர், ஹாலுக்குப் போனா எல்லாம் மறந்துடுது. ஞாபக சக்திக்கு ஏதாவது மாத்திரை எழுதிக் கொடுங்க."

அப்படி வந்த ஒரு மாணவியின் உயிரியல் புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். பக்கமெல்லாம் மஞ்சள் ஹைலைட்டர். மை படாத வரியைத் தேட வேண்டியிருந்தது. அந்தப் பாடத்தை ஆறு முறை படித்தாளாம். சரி, புத்தகத்தை மூடிவிட்டு டி.என்.ஏ. எப்படி இரட்டிப்பாகிறது என்று சொல்லம்மா என்றேன். இரண்டு வரி வந்தது, அப்புறம் மௌனம். புத்தகத்தைத் திறந்து காட்டியதும், "ஐயோ, இது எனக்குத் தெரியுமே!"

அந்தத் 'தெரியுமே'தான் ஏமாற்றுகிறது. பஸ்ஸில் ஒருவரைப் பார்த்ததும் முகம் தெரிகிறது, பெயர் மட்டும் வாயில் வரமாட்டேன் என்கிறது அல்லவா? பார்த்து அடையாளம் காண்பது வேறு, பார்க்காமல் நினைவிலிருந்து எடுப்பது வேறு. திரும்பத் திரும்ப வாசித்தால் முதலாவது பழகும். பரீட்சையில் கேட்பது இரண்டாவதை.

அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கியும் 2006-ல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்களில் ஒரு பிரிவினர் ஒரு பகுதியை நான்கு சுற்றும் வாசித்தார்கள். இன்னொரு பிரிவினர் ஒரு சுற்று வாசித்துவிட்டு, மூன்று சுற்று பார்க்காமல் எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது வாசித்தவர்களே முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது அவர்களுக்கு நினைவில் இருந்தது சுமார் 40 சதவீதம். எழுதிப் பார்த்தவர்களுக்கு 61. வேடிக்கை என்னவென்றால், நன்றாக நினைவிருக்கும் என்று அதிகம் நம்பியது நான்கு சுற்றும் வாசித்தவர்கள்தான்.

மறதி எப்போதும் ஒரே வேகத்தில் நடப்பதில்லை. 1885-லேயே ஜெர்மனிய உளவியலாளர் எபிங்ஹாஸ், பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து அளந்து பார்த்தார். முதல் சில மணி நேரத்தில்தான் கடகடவென்று இழக்கிறோம். அதனால் இன்று படித்ததை நாளையே மூடிவைத்து எழுதிப் பார்க்கச் சொல்கிறேன். பிறகு மூன்று நாள் கழித்து, அடுத்த வாரம் ஒருமுறை. இது நான் வைத்துக்கொண்ட கணக்கு, ஒரு நாள் முன்பின் ஆனால் குடி முழுகிவிடாது.

தூக்கத்தில் மட்டும் கை வைக்கக் கூடாது. படித்தது நிலைபெறும் வேலையில் பெரும்பங்கு அப்போது நடக்கிறது. அந்த மாணவியோ இரவு இரண்டு மணிவரை விழித்திருந்தாள்.

ரத்தசோகை, தைராய்டு, மனச்சோர்வு இருந்தாலும் கவனம் சிதறும். அதைப் பார்க்காமல் நான் யாரையும் அனுப்புவதில்லை. வல்லாரைத் துவையல் தாராளமாகச் சாப்பிடலாம், ருசிக்காக.

அவளுக்கு ரத்தப் பரிசோதனையில் எல்லாம் சரியாக இருந்தது. இரண்டு வாரம் கழித்து வந்து, "புக்கை மூடினா ஒண்ணுமே வரலை, பயமா இருக்கு சார்" என்றாள். திணறிப் பிடித்துக் கொண்டுவந்த வரிதான் நிற்கும், தப்பாக வந்தால் உடனே புத்தகத்தைப் பார்த்துத் திருத்திக்கொள் என்றேன். அம்மாவுக்கும் ஒரு வேலை கொடுத்தேன்: சமைக்கும்போது அவள் பாடம் சொல்வதைக் கேட்பது. "எனக்கு பயாலஜி தெரியாதே டாக்டர்" என்றார். தெரியாததுதான் வசதி, புரியவில்லை என்று நிறுத்தி நிறுத்திக் கேளுங்கள் என்றேன்.