ஃபிரான்சைஸ்: உரிமமா, வரிசையா?

"உரிம விசுவாசிகள்" என்றொரு சொற்சேர்க்கை வீடியோ கேம் பற்றிய மொழிபெயர்ப்புகளில் அடிக்கடி கண்ணில் படுகிறது. மாரியோ பெயரில் எது வந்தாலும் யோசிக்காமல் வாங்குகிற ரசிகரைத்தான் இப்படிச் சொல்கிறார்கள். பாளையங்கோட்டையில் கேம் ஆடுகிற எந்தப் பையனிடமும் இதைச் சொல்லிப் பாருங்கள், "எந்த லைசென்ஸ் அண்ணாச்சி?" என்றுதான் கேட்பான். அவன் கேட்பது நியாயம்.

ஆங்கிலத்தில் 'ஃபிரான்சைஸ்' என்று இருப்பதைத்தான் இங்கே 'உரிமம்' என்று ஆக்கியிருக்கிறார்கள். ஃபிரான்சைஸ் பழைய பிரெஞ்சுச் சொல். 'ஃபிராங்க்' என்றால் கட்டில்லாதவன். அதிலிருந்து விடுதலை, அரசர் தரும் சலுகை, வாக்குரிமை, ஒரு நிறுவனத்தின் பெயரில் கடை நடத்தும் அனுமதி என்று பொருள் நகர்ந்து, கடைசியில் ஒரே பெயரில் அடுத்தடுத்து வரும் படங்களுக்கும் கேம்களுக்கும் வந்து சேர்ந்தது.

கடைக்கு 'உரிமம்' பொருந்தும். நெல்லை ஜங்ஷனில் ஒருவர் வெளியூர் டீக்கடையின் பெயரைப் பணம் கட்டி வாங்கி நடத்தினால் "ஃபிரான்சைஸ் எடுத்திருக்கார்" என்கிறோம். கொடுப்பவர் ஒருவர், வாங்குபவர் ஒருவர், நடுவில் ஒப்பந்தம். 1985-ல் சூப்பர் மாரியோ பிரதர்ஸை வெளியிட்டது நிண்டெண்டோ. அதற்கப்புறம் வந்த முக்கியமான மாரியோ ஆட்டங்களும் அந்த வீட்டிலேயே பிறந்தவைதான். இதில் யார் யாருக்கு உரிமம் கொடுத்தார்கள்?

இதைவிட வலுவான சான்று கால்பந்து கேமில் இருக்கிறது. எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் 1993 முதல் ஃபிஃபா என்ற பெயரில் கேம் வெளியிட்டு வந்தது. அந்தப் பெயர் உலகக் கால்பந்துக் கூட்டமைப்புக்குச் சொந்தம். அதைப் பயன்படுத்தத்தான் உரிமம். 2022-ல் இருவரும் பிரிவதாக அறிவித்தார்கள். 2023 செப்டம்பரில் அடுத்த ஆட்டம் இ.ஏ. ஸ்போர்ட்ஸ் எஃப்சி 24 என்ற பெயரில் வந்தது. பெயருக்கான உரிமம் போய்விட்டது, ஃபிரான்சைஸ் போகவில்லை. ஃபிஃபா 23 ஆடியவர்கள் அதன் அடுத்த ஆட்டம் என்றே இதை எடுத்துக்கொண்டார்கள். மொழிபெயர்ப்பாளர் சொற்படி எழுதினால் "உரிமம் முடிந்தும் உரிமம் தொடர்ந்தது" என்று எழுத வேண்டும். வாசிக்கிறவருக்கு என்ன விளங்கும்? ஆங்கிலத்தில் ஒரே சொல் பல வேலை பார்க்கிறது என்பதற்காகத் தமிழிலும் ஒரே சொல்லை எல்லா வேலைக்கும் பூட்டுவது மொழிபெயர்ப்பு ஆகாது. அகராதியின் முதல் பொருளோடு நின்றுவிடுகிறார்கள். இரண்டு வரி கீழே போனால் சரியான பொருள் இருக்கிறது.

'தொடர்' எனலாமே என்பார்கள். 'உரிமம்' அளவுக்கு மோசமில்லை, ஆனாலும் இடிக்கிறது. 'விளையாட்டுத் தொடர்' என்றதும் தமிழ் வாசகருக்குக் கிரிக்கெட் தொடர்தான் நினைவுக்கு வரும். தொடர் என்றால் கதையும் தொடர வேண்டும் என்ற எதிர்பார்ப்பும் உண்டு. ஃபைனல் ஃபேன்டசி என்ற கேமைப் பாருங்கள். 1987-ல் தொடங்கியது. ஏழாம் ஆட்டத்துக்கும் எட்டாம் ஆட்டத்துக்கும் உலகம் வேறு, ஆட்கள் வேறு, கதையும் வேறு. பெயரும் எண்ணும்தான் வரிசையாகப் போகின்றன. அதனால்தான் எழுத்தில் 'ஆட்டவரிசை' சரியான சொல் என்கிறேன். கதை தொடர்ந்தாலும் தொடராவிட்டாலும் வரிசை வரிசைதான்.

பேச்சில் இன்னும் பொருத்தமான ஒரு சொல் நம் சீமையில் கிடக்கிறது: வகையறா. கோவில் கொடை நோட்டீஸிலும் நிலப் பத்திரத்திலும் "இன்னார் வகையறா" என்று போடுகிறோமே, அதுதான். ஒரு பெயரின் கீழ் பல தலைக்கட்டு, ஒவ்வொன்றும் தனிக்குடித்தனம், ஆனாலும் ஒரே வகையறா. "மாரியோ வகையறா" என்றால் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. வகை, அறா என்று பிரித்து இதைத் தனித்தமிழ் என்பவர்கள் இருக்கிறார்கள், அது தவறு. 'மற்றும் பிற' என்ற பொருளில் அரபியிலிருந்து பாரசீகம், உருது வழியாக வந்த 'வகைரா'தான் இது. வந்த வழி எதுவானாலும் பொருள் தெளிவாக இருக்கிறது. தமிழ் வேர் கொண்ட 'உரிமம்' குழப்புகிற இடத்தில் அரபிச் சொல் விளங்கவைக்கிறது என்றால், நான் விளங்குகிற சொல்லின் பக்கம்தான்.

அப்புறம் அந்த 'விசுவாசி'. அது எசமானுக்கும் கட்சித் தலைமைக்கும் அடங்கி நடப்பவரைச் சொல்லப் பழகிய சொல். கேம் ரசிகர் யாருக்கும் அடங்கியவர் இல்லை. அடுத்த ஆட்டம் சொதப்பினால் முதலில் திட்டுவதும் அவர்தான். அவருக்கு இருப்பது பற்று. பேச்சுவழக்கில் ஒட்டுதல்.

ஃபிரான்சைஸோடு ஒட்டி வருகிற 'சீக்குவல்' என்பதை எப்போதும் 'தொடர்ச்சி' என்று எழுதுவதும் நிற்க வேண்டும். ஜி.டி.ஏ. (கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ) என்ற ஆட்டவரிசையில் ஜி.டி.ஏ. 3 வெளிவந்தது 2001-ல், அதன் கதையும் அதே ஆண்டில்தான் நடக்கிறது. நம்மூர் பிரவுசிங் சென்டர்களில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்துப் பையன்கள் ஆடிய வைஸ் சிட்டி அதே வரிசையில் 2002-ல் வந்தது. கதையோ 1986-ல் நடக்கிறது. பின்னால் வந்த ஆட்டம், முன்னால் நடந்த கதை. வெளிவந்த வரிசையைச் சொல்லும்போது 'அடுத்த ஆட்டம்', கதையைச் சொல்லும்போது 'முன்கதை' என்று எழுதினால் போதும்.