திக்கும் குழந்தையும் வீட்டுப் பெரியவர்களும்: ஆறாம் ஜார்ஜ் வளர்ந்த வீடு

பேச்சு சிகிச்சையாளர்களான எங்களிடம் திக்கிப் பேசும் குழந்தையை அழைத்து வரும் பெற்றோர் பெரும்பாலும் இரண்டு கேள்விகள் கேட்பார்கள். "நாங்க திட்டினதால வந்துச்சா?" என்பது ஒன்று. "இடது கைப் பழக்கத்தை மாத்தினோமே, அதனாலயா?" என்பது இன்னொன்று. இந்த இரண்டும் நடந்த ஒரு வீட்டைப் பற்றி நிறையப் பதிவுகள் இருக்கின்றன. இங்கிலாந்தில் சாண்ட்ரிங்ஹாம் எஸ்டேட்டில் உள்ள யார்க் காட்டேஜ்தான் அது.

பின்னாளில் ஆறாம் ஜார்ஜ் மன்னரான ஆல்பர்ட், 1895 டிசம்பர் 14 அன்று அங்கே பிறந்தார். வீட்டில் அவரை பெர்ட்டி என்பார்கள். அண்ணன் எட்வர்ட் ஒன்றரை வயது மூத்தவர். அந்தக் கால அரச வழக்கப்படி பிள்ளைகளைத் தாதிகள்தான் வளர்த்தார்கள். பெற்றோரைப் பார்ப்பதற்கென்று மாலையில் கொஞ்ச நேரம் இருக்கும்; உடை மாற்றி, தலை வாரி, கீழே அழைத்து வருவார்கள். தந்தை ஐந்தாம் ஜார்ஜ் கடற்படையில் வளர்ந்தவர். நேரம், உடை, ஒழுங்கு எதிலும் சின்னப் பிசகைக்கூடப் பொறுக்காதவர்.

பெர்ட்டி இயல்பிலேயே இடது கைக்காரர். வலது கையால் எழுத வைத்தார்கள். முழங்கால்கள் உள்வாங்கி இருந்ததால் அவற்றை நேராக்கக் கால்களில் சிம்பு (கடினமான பட்டை) வைத்துக் கட்டினார்கள். இரவில் மட்டுமல்லாமல் பகலிலும் பல மணி நேரம் அதோடுதான் இருக்க வேண்டும். ஏழு எட்டு வயதில் திக்கல் வெளிப்படையாகத் தெரிந்தது. தாத்தா பாட்டி பிறந்தநாள் வந்தால் கவிதையை மனப்பாடம் செய்து எல்லார் முன்னிலையிலும் ஒப்பிக்க வேண்டும் என்ற வழக்கமும் அந்த வீட்டில் இருந்தது. திக்கும் பிள்ளைக்கு இதைவிடக் கொடுமையான சோதனை கிடையாது. சொல்லை மாற்றிப் போட முடியாது, நடுவில் விட்டுவிடவும் முடியாது, எல்லாக் கண்களும் வாயையே பார்த்துக்கொண்டிருக்கும். வந்த விருந்தாளிக்கு "ரைம்ஸ் சொல்லிக் காட்டு" என்று நம் வீடுகளில் சொல்வதும் இதே சோதனைதான்.

பெற்றோரின் கேள்விக்கு வருவோம். திட்டுவதால் திக்குவாய் உண்டாவதில்லை. பேச்சின் நேரத்தை ஒழுங்குபடுத்தும் மூளைப் பாதைகளில் உள்ள வேறுபாடும் மரபணுக்களும்தான் அடிப்படை. பொதுவாக 2 முதல் 5 வயதுக்குள் தொடங்கும். நூறு குழந்தைகளில் சுமார் ஐந்து பேருக்கு வரும். அவர்களில் பெரும்பாலானோருக்குத் தானாகவே சரியாகிவிடும். பெரியவர்களில் நூற்றுக்கு ஒருவர் அளவில் அது நிலைக்கிறது. கை மாற்றியதுதான் காரணம் என்று உறுதியாகச் சொல்லவும் ஆதாரம் போதாது. அதற்காகப் பீச்சாங்கைக்காரக் குழந்தையின் கையில் அடிக்கலாம் என்று அர்த்தமில்லை. அது எந்த நன்மையும் தராத வேலை.

வீடு செய்யக்கூடிய கெடுதல் வேறு இடத்தில் இருக்கிறது. திக்கலின் மேல் பயம் ஏறுகிறது. பயம் ஏறினால் தாடை இறுகும், மூச்சு அடைக்கும், கண் சிமிட்டும். அதன்பின் பிள்ளை சில சொற்களையே தவிர்க்கத் தொடங்கும். பள்ளிக் காலத்தில் பெர்ட்டியிடம் அரையில் பாதி எவ்வளவு என்று கேட்டபோது, 'குவார்ட்டர்' (கால் பங்கு) என்ற சொல் வாயில் வராததால் பதில் சொல்லாமலே நின்றார் என்று அவரைப் பற்றிய பதிவுகள் சொல்கின்றன. தெரியாத பிள்ளை என்றே வகுப்பு எடுத்துக்கொண்டது. 1910 இறுதியில் ஆஸ்போர்ன் கடற்படைக் கல்லூரித் தேர்வில் 68 பேரில் அவர் 68-ஆவது. அந்த எண்ணில் எவ்வளவு அறியாமை, எவ்வளவு வாய் திறக்காத மௌனம் என்பதை யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. ஆசிரியர்கள் இந்த இடத்தை இன்னொரு முறை படிக்க வேண்டுகிறேன்.

1925 அக்டோபர் 31 அன்று லண்டன் வெம்பிளியில் நடந்த பிரிட்டிஷ் பேரரசுக் கண்காட்சியின் நிறைவு விழாவில் அவர் ஆற்றிய உரை, பேசியவருக்கும் கேட்டவர்களுக்கும் வேதனையாக முடிந்தது. பல மருத்துவர்களைப் பார்த்துச் சலித்திருந்தவரை, மனைவி எலிசபெத் வற்புறுத்தி 1926 அக்டோபரில் லண்டன் ஹார்லி தெருவில் இருந்த லயனல் லோகிடம் அனுப்பினார். லோக் ஆஸ்திரேலியர், பேச்சுப் பயிற்சியாளர், மருத்துவப் பட்டம் இல்லாதவர். சுமார் 14 மாதங்களில் 82 சந்திப்புகள். அதோடு வீட்டில் தினமும் ஒரு மணி நேரப் பயிற்சி: உதரவிதானத்திலிருந்து (நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இடையிலுள்ள தசை) மூச்சு விடுவது, திறந்த ஜன்னல் அருகே நின்று உயிரொலிகளை நீட்டிச் சொல்வது. எலிசபெத்தும் கூடப் போய்ப் பயிற்சிகளைத் தெரிந்துகொண்டார். 1927 மே 9 அன்று ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் நாடாளுமன்றத்தைத் திறந்து வைத்த உரை நன்றாக அமைந்தது.

தவறான மூச்சுதான் திக்கலுக்குக் காரணம் என்று இன்று நாங்கள் கருதுவதில்லை. லோக் செய்ததில் இன்றும் நிற்பவை வேறு: தன் முன்னே பெர்ட்டி பேசி முடிக்கும் வரை பொறுத்திருந்தது, தினப்பயிற்சி, உரையை முன்கூட்டியே வாங்கி நிறுத்தங்களைக் குறித்து, சிக்கும் சொற்களை மாற்றிக் கொடுத்தது. அப்படியும் திக்கல் முழுதாகப் போகவில்லை. இரண்டாம் உலகப் போர் அறிவிக்கப்பட்ட 1939 செப்டம்பர் 3 அன்று அவர் ஆற்றிய வானொலி உரையில் அந்த நீண்ட இடைவெளிகளைக் கேட்கலாம். "முழுசா போயிடுமா?" என்று கேட்பவர்களுக்கு அந்த ஒலிப்பதிவைக் கேட்கச் சொல்வது நல்ல விடை.

வீட்டில் செய்ய வேண்டியது இதுதான். "மெதுவாப் பேசு", "மூச்சை இழுத்துட்டுச் சொல்லு" என்று சொல்லாதீர்கள். நீங்கள் மெதுவாகப் பேசுங்கள். குழந்தை முடித்த பிறகு ஓரிரு நொடி விட்டுப் பதில் சொல்லுங்கள். சொல்லை எடுத்துக் கொடுக்காதீர்கள். எப்படிச் சொல்கிறான் என்பதை விட்டு, என்ன சொல்கிறான் என்பதைக் கவனியுங்கள். தினமும் ஐந்து நிமிடம், போனும் டிவியும் இல்லாமல், அந்த ஒரு பிள்ளையோடு மட்டும் இருங்கள். அண்ணன் தம்பிகள் இருக்கும் வீட்டில் ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடக் கூடாது என்பது எல்லாருக்கும் பொது விதியாக இருக்கட்டும். திக்கும் பிள்ளைக்கு மட்டும் சலுகையாகத் தெரியக் கூடாது. நாக்கில் வசம்பு தேய்ப்பதும் வாயில் கூழாங்கல் போடுவதும் வேண்டவே வேண்டாம். கல் தொண்டையில் சிக்கும்.

திக்கல் ஆறு மாதத்துக்கு மேல் நீடித்தாலோ, குடும்பத்தில் வேறு யாருக்காவது இருந்தாலோ, முகமும் தாடையும் இறுகினாலோ, பிள்ளை பேச்சையே தவிர்க்கத் தொடங்கினாலோ, பேச்சு சிகிச்சையாளரிடம் உடனே காட்டுங்கள். "வளர்ந்தா சரியாயிடும்" என்று பள்ளி சேரும் வரை காத்திருக்க வேண்டாம்.