நட முடியாத கடலில் காற்றாலை

திருகோணமலைக் கோணேசர் கோயில் பாறை விளிம்பில் நின்று கீழே எட்டிப் பார்க்கிறவர்களுக்கு அந்தத் தண்ணீரின் ஆழம் பெரும்பாலும் தெரியாது. கொட்டியாரக் குடாவின் வாயிலேயே கடலடியில் ஒரு பெரும் பள்ளத்தாக்கு தொடங்கி, வெளியே போகப் போக 3,000 மீற்றருக்கும் கீழே இறங்கிவிடுகிறது. நீலத்திமிங்கிலம் இந்தப் பாறையில் நின்றாலே கண்ணில் படுவதற்கும், போர்த்துக்கேயர் முதல் ஆங்கிலேயர் வரை இந்தத் துறைமுகத்துக்காக ஒருவர் மாறி ஒருவர் அடிபட்டதற்கும் ஆழம் ஒரு பெரிய காரணம். ஆனால் கடலில் காற்றாலை வைக்க நினைக்கிறவருக்கு இதே ஆழம் சரியான தலையிடி.

ஏனென்றால் கடல் காற்றாலை என்று நாம் படங்களில் பார்ப்பதெல்லாம் பெரும்பாலும் கடலடித் தரையில் நட்டவைதான். 1991இல் டென்மார்க்கின் விண்டபியில் பதினொரு காற்றாலைகளோடு உலகின் முதல் கடல் காற்றாலைப் பண்ணை வந்தபோது அங்கே ஆழம் ஒரு சில மீற்றர் மட்டுமே. பிறகு வந்தவற்றுக்குப் பெரிய இரும்புக் குழாயைக் கடலடியில் அடித்து இறக்கி அதன் மேல் கோபுரத்தை ஏற்றினார்கள். ஆழம் 60 மீற்றரைத் தாண்டினால் இந்த வேலை கட்டுப்படியாகாது: குழாய் நீள நீள இரும்பும் செலவும் கண்டபடி ஏறும். உலகக் கடல்களில் கிடைக்கும் காற்றுச் சக்தியில் சுமார் 80 வீதம் அதைவிட ஆழமான இடங்களில்தான் கிடக்கிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

நட முடியாவிட்டால் மிதக்க விடு, அவ்வளவுதான். யோசனை பழையது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் வில்லியம் ஹெரோனிமஸ் 1972இலேயே இதைச் சொல்லிவிட்டார். ஆனால் மெகாவாற் அளவில் முழுசாக ஒன்று மிதந்தது 2009இல், நோர்வேக் கரைக்கு அப்பால், 2.3 மெகாவாற் ஹைவிண்ட்.

மிதக்க வைப்பது பெரிய வித்தை இல்லை, இரும்புக் கப்பலே மிதக்கிறது. நிமிர்ந்து நிற்க வைப்பதுதான் பாடு. 5 மெகாவாற் காற்றாலை ஒன்றின் இறக்கைகளில் காற்று அதிகபட்சமாகத் தள்ளும் விசை சுமார் 80 தொன் எடைக்குச் சமம், அதுவும் கடல் மட்டத்திலிருந்து 90 மீற்றர் உயரத்தில். மேலே உச்சியில் பிடித்து யாரோ விடாமல் தள்ளிக்கொண்டே இருக்கிறார்கள், கீழே பிடிமானமாக மண் இல்லை.

இதைச் சமாளிக்க மூன்று வழி இருக்கிறது. முதலாவது ஸ்பார். நீண்ட உருளை, அடியில் பாரம், மேலே காற்றாலை; ஈயம் கட்டிய தூண்டில் மிதப்பு நிமிர்ந்து நிற்பது போலத்தான். பாரத்தின் மையம் மிதப்பு விசையின் மையத்துக்குக் கீழே இருந்தால் சரிந்தாலும் திரும்ப நிமிரும். 2017இல் பீற்றர்ஹெட் ஊருக்கு அப்பால் தொடங்கிய ஹைவிண்ட் ஸ்கொட்லாந்தில் இப்படி ஐந்து நிற்கின்றன, மொத்தம் 30 மெகாவாற். ஒவ்வொன்றும் அடியிலிருந்து இறக்கை நுனி வரை 253 மீற்றர், அதில் 78 மீற்றர் தண்ணீருக்குள். உருளைகளை ஸ்பெயினில் செய்து, படுக்கப் போட்டபடியே நோர்வேக்கு இழுத்துப் போய், ஆழமான ஒதுக்குக் கடலில் தண்ணீர் நிரப்பி நிமிர்த்தி, அடியில் இரும்புத்தாதைக் கொட்டி, காற்றாலையைத் தூக்கி மேலே வைத்து, பிறகு நின்ற நிலையிலேயே வடகடலைக் கடந்து இழுத்து வந்தார்கள்.

பாரத்தை எங்கே, எந்த ஒழுங்கில் ஏற்றி இறக்குவது என்பது எவ்வளவு சீரியசான விடயம் என்பதற்கு எங்கள் ஊரிலேயே சாட்சி இருக்கிறது. 1944 ஆகஸ்ட் 8ஆம் திகதி, திருகோணமலைத் துறைமுகத்தில் மிதக்கும் கப்பல் தளம் ஒன்றுக்குள் வேலியண்ட் என்ற பிரித்தானியப் போர்க்கப்பலை ஏற்றி, தளத்தை உயர்த்தத் தொட்டிகளிலிருந்து தண்ணீரை வெளியேற்றினார்கள். குண்டுகளெல்லாம் ஏற்றிய கனத்த கப்பல். அதன் பாரம் எங்கே அழுத்துகிறதோ அதற்கு ஏற்ற வரிசையில் தொட்டிகள் காலியாகவில்லை. தளத்தின் முதுகே முறிந்து மூழ்கியது. கப்பல் சேதத்தோடு தப்பியது. மிதக்கும் காற்றாலை செய்கிற பொறியியலாளர் ஒவ்வொருவருக்கும் இந்தக் கதையை முதல் நாளே சொல்லலாம் என்பது என் எண்ணம்.

இரண்டாவது வழி, பாதி அமிழ்ந்த மேடை: முக்கோண வடிவில் மூன்று தூண்கள், நடுவே இணைப்புக் குழாய்கள். இது ஆழத்தால் அல்ல, அகலத்தால் நிற்கிறது. போர்த்துக்கல்லின் விண்ட்புளோட் அற்லாண்டிக் 2020இல் இருந்து இப்படித்தான் ஓடுகிறது, மூன்று காற்றாலைகள், 25 மெகாவாற். இதில் காற்றாலை நடுவில் இல்லை, ஒரு மூலைத் தூணின் மேல் நிற்கிறது. காற்று எந்தப் பக்கம் அதிகமாகத் தள்ளுகிறதோ அதற்கேற்ப தூணிலிருந்து தூணுக்குத் தண்ணீரை பம்ப் பண்ணி மாற்றி, மேடையை மட்டமாக வைக்கிறார்கள். ஒவ்வொரு அலைக்கும் இல்லை, காற்றின் சராசரித் தள்ளுக்கு மட்டும், ஆறுதலாக. மூன்றாவது வழி, மேடையைக் கடலடியோடு இறுக்கக் கட்டி அது மேலே எழும்ப முடியாமல் வைத்திருப்பது. பிரான்ஸின் தென்கரையில் இந்த வகையில் மூன்று வைத்திருக்கிறார்கள்.

சரி, அலை அடித்தால்? பெரிய அலையை விட, தாளம் பொருந்துகிற அலைதான் பயம். கடல் அலைகளின் பலம் பெரும்பாலும் 5 முதல் 20 விநாடிக்கு ஒன்று என்ற இடைவெளியில் வருகிறது. மேடை தன் பாட்டுக்கு ஆடுகிற காலமும் அதற்குள் விழுந்தால் ஒவ்வொரு அலையும் ஆட்டத்தைக் கூட்டும். அதனால் ஸ்பாரை ஒரு முறை சாய்ந்து நிமிர 30 விநாடி அளவு எடுக்கும்படி செய்கிறார்கள், அலை வந்து போன பிறகுதான் அது அசையவே யோசிக்கும். இறுக்கக் கட்டிய மேடை நேர் எதிர், மேலும் கீழுமாக 5 விநாடிக்கும் குறைவான காலத்தில் அதிர்கிறது.

எனக்கு இதில் மிகவும் பிடித்த சிக்கல் அலை சம்பந்தப்பட்டதே இல்லை. பலத்த காற்றில் காற்றாலை தன் இறக்கைகளைச் சற்றுத் திருப்பி, அளவுக்கு மேல் சுழலாமல் தன்னைக் காத்துக்கொள்ளும். இப்போது மிதக்கும் கோபுரம் முன்பக்கம், காற்றை நோக்கிச் சாய்கிறது என்று வையுங்கள். இறக்கைகளுக்கு எதிர்க்காற்று கூடியது போலத் தெரியும். உடனே கட்டுப்பாட்டுக் கணினி இறக்கையைத் திருப்பும், காற்றின் தள்ளு குறையும், தடுக்க ஆள் இல்லாமல் கோபுரம் இன்னும் முன்னே போகும். பின்னே வரும்போது இதே கதை தலைகீழாக நடக்கும். ஆக, காற்றாலையைக் காக்க எழுதிய நிரலே அதைப் போட்டு ஆட்டுகிறது! தரையில் நட்ட கோபுரத்தில் யாருக்கும் வராத வியாதி இது. மேடை ஆடுகிற வேகத்தை விட மெதுவாக இறக்கையைத் திருப்புவது ஒரு மருந்து, கோபுரத்தின் அசைவையும் அளந்து கணக்கில் சேர்ப்பது இன்னொன்று.

நங்கூரத்தையும் சொல்ல வேண்டும். ஹைவிண்டில் ஒவ்வொன்றையும் மூன்று சங்கிலிகள் பிடித்திருக்கின்றன. நங்கூரம் என்றால் கொக்கி இல்லை, அடி திறந்த பெரிய இரும்பு உருளை. கடலடிச் சேற்றில் அதைக் கவிழ்த்து வைத்து உள்ளே இருக்கும் தண்ணீரை உறிஞ்சி எடுத்தால், வெளியே உள்ள நீரின் அழுத்தமே அதை மண்ணுக்குள் அமுக்கிவிடும். மின்சாரக் கேபிளை நேராகத் தொங்கவிடாமல் இடையில் மிதவைகள் கட்டி வளைத்து விடுகிறார்கள், மேடை அசைகிறபோது அறுந்து போகாமல் இருக்க.

அப்போ திருகோணமலை? பள்ளத்தாக்கின் நடுவில் யாரும் வைக்கப் போவதில்லை. நோர்வேயின் ஹைவிண்ட் தாம்பன் கூட 260 முதல் 300 மீற்றர் ஆழத்தில்தான் நிற்கிறது. காற்றும் இங்கே உச்சம் இல்லை. வைகாசியில் கிளம்பும் தென்மேற்குக் காற்றான கச்சானும் மாரியில் வாடையும் வீசினாலும், நாட்டின் நல்ல காற்று மன்னார், புத்தளம் பக்கம்தான். மன்னார்த் தீவில் 103.5 மெகாவாற் காற்றாலைகள் கரையிலேயே ஓடுகின்றன, அங்கே கடலும் ஆழமில்லை என்பதால் மிதக்க விட வேண்டிய தேவையே இல்லை. தெற்கே அம்பாந்தோட்டைக்கு அப்பால் காற்றும் பலம், ஆழமும் அதிகம், மிதக்கும் வகை பொருந்துகிற இடம் அது. புயலையும் மறக்கக் கூடாது, 1964 மார்கழிப் புயல் திருகோணமலையைத்தான் அடித்தது. காற்று விநாடிக்கு 25 மீற்றரைத் தாண்டினால் காற்றாலை இறக்கையைக் காற்றோடு திருப்பிவிட்டு வேலையை நிறுத்தும், ஆனால் நங்கூரச் சங்கிலி நின்றே தாங்க வேண்டும்.

எங்களிடம் இருப்பது துறைமுகம். மிதக்கும் காற்றாலையைக் கடலில் கட்டுவதில்லை, ஒதுக்கான ஆழ நீரில் பொருத்தி இழுத்துப் போகிறார்கள். பெரிய பழுது வந்தாலும் துறைமுகத்துக்குத்தான் இழுத்து வருகிறார்கள்: 2024இல் ஹைவிண்ட் ஸ்கொட்லாந்தின் ஐந்தையும் நோர்வேக்கு இழுத்துப் போய்த்தான் பழுது பார்த்தார்கள். பாதி அமிழ்ந்த வகையைப் பொருத்த எங்கள் துறைமுகத்தை விடத் தோதான இடம் இலங்கையில் எனக்குத் தெரியவில்லை.

மீனவர்களுக்கு இதில் கேள்வி இருக்கிறது, நியாயமான கேள்வி. சங்கிலிகள் பரந்து போகிற இடத்தில் இழுவலை போட முடியாது. திமிங்கிலம் அந்தத் தடித்த சங்கிலியில் சிக்குவது கடினம்தான், ஆனால் அறுந்து மிதந்து வரும் வலை சங்கிலியில் மாட்டிக்கொண்டால் அந்த வலையில் சிக்கலாம். இந்தக் கடலில் வலை அறுந்து போவது புதினமில்லை என்பதால், சங்கிலியை அடிக்கடி பார்த்துத் துப்புரவாக்குகிற செலவையும் முதல் நாளே கணக்கில் எழுத வேண்டியிருக்கும்.