பழைய கேமரா பேட்டரியை வீட்ல பிரிக்காதீங்க, வெளியில இருந்தே செய்ய நிறைய இருக்கு

போன மாசம் செவ்வாய்பேட்டையில இருந்து ஒரு அண்ணன் கடைக்கு வந்தார், வெள்ளிப் பட்டறை வச்சிருக்கவர், கொலுசு வேலை. பாலித்தீன் கவர்ல சுத்தி வச்சிருந்த பேட்டரியை எடுத்து டேபிள் மேல வச்சார். கவரைப் பிரிச்சதுமே நெடி வந்துருச்சு, நெயில் பாலிஷ் மாதிரி லேசா இனிப்பு கலந்த நெடி. அந்த வாசம் வந்தா செல்லு எங்கயோ ஓட்டையாகி உள்ள இருக்கிற திரவம் கசியுதுன்னு அர்த்தம். அப்படியே எடுத்துட்டுப் போய் கடைக்கு வெளிய மணல் வாளியில வச்சுட்டு, கையை சோப்பு போட்டுக் கழுவிட்டு வந்துதான் அவர்கிட்ட என்னாச்சுங்ணான்னு கேட்டேன்.

"தினமும் வெள்ளியை பத்த வைக்கிற கை தம்பி, ரெண்டு செல்லை மாத்தி ஒட்டுறது என்ன பெரிய விசயம்னு நெனச்சுட்டேன், வீடியோல அஞ்சு நிமிசத்துல பண்றான்"னார். வலது கை ஆள்காட்டி விரல்ல நீளமா ஒரு கொப்புளம். கத்தியை விட்டு பேக்கை நெம்பும்போது முனை உள்ள இருக்கிற நிக்கல் பட்டை ரெண்டையும் ஒண்ணா தொட்டுருக்கு, பொறி பறந்துருக்கு. அதுக்கப்புறமும் விடாம புது செல் மேல நேரா சால்டரிங் அயர்ன் வச்சிருக்கார்.

நான் 20 வருசத்துக்கு மேல இங்க சேலம் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் கேமரா சர்வீஸ் பண்றேன். ரெண்டு மூணு வருசமா காலேஜ் பசங்க அப்பாவோட பழைய டிஜிட்டல் கேமராவ பீரோல இருந்து எடுத்து ஏற்காடு கிளம்புறாங்க, அந்த கலர் புடிச்சிருக்குங்கிறாங்க, எனக்கும் ரொம்ப சந்தோசம். ஆனா அதுகூடவே இந்த மாதிரி பிரிச்ச பேட்டரியும் வர ஆரம்பிச்சிருக்கு. அதனாலதான் இத எழுதுறேன்.

அந்த அண்ணன் கொண்டு வந்தது பிபி-511, கேனான் 40டி கேமராவுக்கு போடுறது. உள்ள விரல் மொத்தத்துல ரெண்டு உருளை செல், வரிசையா இணைச்சிருக்கும், ஒவ்வொண்ணும் 3.7 வோல்ட், சேர்த்து 7.4, ஃபுல் சார்ஜ்ல 8.4. ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் ரெண்டு மெல்லிசான தகடு, அதுக்கு நடுவுல பாலித்தீன் மாதிரி ஒரு படலம், எல்லாத்தையும் சேர்த்து பாயாட்டம் சுருட்டி வச்சிருக்கும். அந்தப் படலம் 130 டிகிரி தாண்டினா உருக ஆரம்பிச்சுடும். சால்டரிங் அயர்ன் முனை 350 டிகிரில இருக்கும். வெள்ளியை எவ்வளவு சுட்டாலும் அது வெள்ளிதான், இங்க படலம் உருகினா ரெண்டு தகடும் உள்ளயே ஒண்ணோட ஒண்ணு தொட்டுக்கும், அப்புறம் நெருப்பை நிறுத்த உங்க கையில ஒண்ணும் இல்ல. கம்பெனில இதை சால்டர் பண்றதே இல்ல, ஸ்பாட் வெல்டிங்தான், கண் இமைக்கிற நேரத்துல ஒட்டிடும், சூடு உள்ள இறங்காது.

ரெண்டு செல் பேக்ல இன்னொரு ஆபத்து. ஒரு செல் நல்லாருந்து இன்னொண்ணு செத்திருந்தா, ஒண்ணை மட்டும் மாத்திட்டா போதும்னு தோணும். ஆனா சார்ஜர் மொத்தமா 8.4 வந்துச்சான்னுதான் பாக்கும். வீக்கான செல் 3.8-லயே நின்னுட்டா மிச்சத்தை நல்ல செல் வாங்கும், உள்ள இருக்கிற பாதுகாப்பு போர்டு தடுக்கலைன்னா 4.6 வரைக்கும் போகும், 4.2-க்கு மேல போகவே கூடாத செல் அது.

அடுத்தது ஜம்ப் குடுக்கிறது. வருசக்கணக்கா பீரோல கிடந்த பேட்டரில சார்ஜே ஏறாது, சார்ஜர் லைட் வேகமா மினுக்கும், அதுக்கு ரெண்டு வயரை வச்சு வேற பேட்டரில இருந்து நேரா கரண்ட் குடுத்து எழுப்புறாங்க. நானும் 2012-ல ஒரு சின்ன கேமரா பேட்டரிக்கு இதை செஞ்சிருக்கேன். ஏறுச்சு, கஸ்டமரும் சந்தோசமா வாங்கிட்டுப் போனார். மூணு வாரம் கழிச்சு கேமராவோட வந்தார், பேட்டரி உள்ளயே உப்பி வெளிய வரவே இல்ல. பின்பக்க பாடியக் கழட்டி எடுக்கிறதுக்குள்ள எனக்கு வேர்த்துக் கொட்டிருச்சு, அவர் பாக்கெட்ல வச்சிருக்கும்போது அது வெடிச்சிருந்தான்னு இன்னைக்கும் நெனச்சுப் பாப்பேன். காரணம் அப்புறம்தான் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன்: செல் ரொம்ப நாள் 2 வோல்ட்டுக்கும் கீழ கிடந்தா உள்ள இருக்கிற செப்புத் தகடு கொஞ்சம் கொஞ்சமா கரையும், மறுபடி சார்ஜ் ஏத்தும்போது அந்த செப்பு கண்ட இடத்துல ஊசி ஊசியா படியும், அந்த ஊசி நடுப்படலத்தைக் குத்தினா ஷார்ட்டு. அதுக்கப்புறம் நான் ஜம்ப் குடுக்கிறதே இல்லைங்க, எவ்வளவு கெஞ்சினாலும்.

சரி, வீட்ல என்னதான் பண்ணலாம்?

செத்துப் போச்சுன்னு கடைக்கு வர்ற பேட்டரி எல்லாமே செத்தது கிடையாது. பின்னு மேல கறுப்பா, பச்சையா படிஞ்சிருக்கும். பென்சில் ரப்பரால நல்லா தேய்ங்க, தூளைத் தட்டி விட்டு, காதுக்குப் போடுற பட்ஸ்ல ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்டு துடைங்க. பேட்டரியை மட்டும் துடைச்சா பத்தாது, சார்ஜர்ல இருக்கிற பின்னு, கேமரா உள்ள இருக்கிற ஸ்பிரிங் பின்னு மூணையும் துடைக்கணும். அப்புறம் மல்டிமீட்டரை வோல்ட்ல வச்சுப் பாருங்க. பூஜ்யம் காட்டினா உள்ள இருக்கிற பாதுகாப்பு போர்டு வழியை அடைச்சு வச்சிருக்கலாம். கம்பெனி சார்ஜர்ல மட்டும் ஒரு மணி நேரம் கண் முன்னாடி வச்சுப் பாருங்க, சில சார்ஜர் முதல்ல ரொம்ப கொஞ்சமா கரண்ட் விட்டு சோதிச்சுட்டுத்தான் ஏத்தும். ஏறலைன்னா விட்டுடுங்க.

பேட்டரியை கண்ணாடி மேல படுக்க வச்சு ஒரு ஓரத்தை அழுத்துங்க. தராசு மாதிரி ஆடுச்சுன்னா வயிறு உப்பிருக்கு. உப்பினது உப்பினதுதான், ஊசியால குத்தி காத்தை எடுக்கிறேன், ஃப்ரிட்ஜ்ல வைக்கிறேன்னு எதுவும் செஞ்சுடாதீங்க.

ஏற்காட்டுல இருந்து போன் பண்றவங்களுக்கு ஒண்ணு. டிசம்பர் காலையில பகோடா பாயிண்ட்ல ரெண்டு போட்டோ எடுத்ததும் கேமரா ஆஃப் ஆச்சுன்னா பதறாதீங்க, வயசான பேட்டரி குளிர்ல திணறும். சட்டைக்குள்ள பத்து நிமிசம் வச்சு சூடேத்திட்டுப் போடுங்க, திரும்ப ஓடும். அதை விட மோசம் நம்ம சேலத்து மே மாசம், பூட்டின கார் டேஷ்போர்டுல ஃபுல் சார்ஜோட கேமராவ வச்சுட்டுப் போறது, அந்த ஒரு வெயில் பேட்டரி ஆயுசை எவ்வளவு தின்னும்னு கண்ணுக்குத் தெரியாது. பல மாசம் எடுக்கப் போறதில்லைன்னா பாதி சார்ஜ்ல, கேமராவுல இருந்து கழட்டி, நிழலான அலமாரியில வைங்க.

பென்சில் செல் போடுற கேமரான்னா, கேனான் பவர்ஷாட் ஏ வரிசையில நிறைய மாடல் மாதிரி, உங்களுக்குப் பாதி கவலை இல்ல. சாதா ஆல்கலைன் போடாதீங்க, அது ஃப்ளாஷ் இழுக்கிற கரண்டுக்கு சீக்கிரம் படுத்துடும், நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ரீசார்ஜ் செல் வாங்குங்க. ரொம்ப நாள் சும்மா கிடந்த நிக்கல் செல்லுன்னா ரெண்டு மூணு தடவை முழுசா ஏத்தி இறக்கினா ஓரளவு தேறி வரும். லித்தியத்துக்கு இந்த வைத்தியம் செல்லாது.

புதுசு வாங்கும்போது, சீல் பிரிக்காத 2008 ஒரிஜினல்னு யாராவது குடுத்தா வேணாம், லித்தியம் பொட்டிக்குள்ளயே வயசாகும். வேற கம்பெனி பேக் வாங்கினா ஒரு டெஸ்ட் பண்ணுங்க. நிறைய பேட்டரில டி-ன்னு ஒரு பின் இருக்கும், சூட்டை சார்ஜருக்குச் சொல்றது. மீட்டரை ஓம்ல வச்சு டி-க்கும் மைனஸுக்கும் நடுவுல பாருங்க, பேட்டரியை உள்ளங்கையில கொஞ்ச நேரம் பொத்தி வச்சு மறுபடி பாருங்க. எண் குறைஞ்சா உள்ள நிஜமாவே சென்சார் இருக்கு. அசையாம அப்படியே நின்னா காசு மிச்சம் பண்ண வெறும் ரெசிஸ்டர் வச்சிருக்கான், சூடானாலும் சார்ஜருக்குத் தெரியாது. அதை நான் என் கடையில விக்கிறதில்ல.

சார்ஜ்ல இருக்கும்போது புகை வந்தா மெயின் ஸ்விட்சை அணைச்சுட்டு, நிறைய தண்ணி ஊத்துங்க, புகையை சுவாசிக்காதீங்க, பசங்களை வெளிய கூட்டிட்டுப் போயிடுங்க. செத்த பேட்டரியோட பின்னுல செல்லோ டேப் ஒட்டி தனியா வச்சு இ-வேஸ்ட் எடுக்கிறவங்ககிட்ட குடுங்க, குப்பை வண்டில போட்டா அங்க நசுக்கும்போது அந்தத் தொழிலாளிதான் மாட்டுவார். 2022-ல வந்த பேட்டரி கழிவு விதிப்படி தயாரிக்கிற கம்பெனியே இதைத் திரும்ப எடுத்தாகணும்.

பட்டறை அண்ணனுக்கு டெஸ்ட் பண்ணி ஒரு புது பேக் போட்டுக் குடுத்தேன், தேதி நிக்க உள்ள இருக்கிற சிஆர்2016 பட்டன் செல்லையும் மாத்தினேன். ஆன் ஆச்சு. கார்டுல முழுக்க கொலுசு டிசைன், அவங்கப்பா வியாபாரிங்களுக்குக் காட்ட எடுத்து வச்சது, கறுப்புத் துணி மேல ஒவ்வொண்ணா பரப்பி. இந்த முத்துக் கொலுசுக்கு அச்சு இப்ப எங்ககிட்டயே இல்லைன்னு சொல்லிக்கிட்டே கடை மூடுற வரைக்கும் ஒவ்வொண்ணா தள்ளிப் பாத்துட்டிருந்தார்.