உருவம் விசித்திரமா, உள்ளே இருக்கும் பாகம் விசித்திரமா?

விற்பனையில் தோற்ற பழைய மாடல் கிட்டார் மலிவாகக் கைக்கு வந்தால், முதலில் பார்க்க வேண்டியது அதன் உடம்பை அல்ல, பாகங்களை. கிப்சன் கம்பெனியின், V எழுத்து வடிவ உடம்பு கொண்ட ஃப்ளையிங் வி 1958-இல் வந்தபோது நூறுகூடப் போகவில்லை. ஆனால் ஸ்ட்ரிங், சுருதி கூட்டத் திருகும் ட்யூனிங் கீ எல்லாம் சாதாரண வகை. உட்கார்ந்து வாசிக்கத்தான் படுத்தும், ரிப்பேர் சுலபம்.

அலுமினிய நெக் (விரல் வைத்து வாசிக்கும் கழுத்துப் பகுதி) அப்படியல்ல. அப்படிப்பட்ட கிட்டார் செய்த அமெரிக்காவின் டிராவிஸ் பீன் கம்பெனி 1974-இல் தொடங்கி 1979-இல் நின்றுபோனது. சத்தம் அருமை, கனமும் அதிகம். ஒரு டிகிரி சூட்டுக்கு அலுமினியம் மீட்டருக்கு 23 மைக்ரான் நீளும், ஸ்ட்ரிங்கின் எஃகு 12 மைக்ரான்தான். மே மாத வெயிலில் ராயபுரத்திலிருந்து தூக்கி வந்து ஏசி ஹாலில் திறந்தால், மெல்லிய ஸ்ட்ரிங் முதலில் குளிர்ந்து சுருதி ஏறும். பிறகு நெக் மெதுவாகக் குளிர்ந்து சுருங்க, சுருதி இறங்கும். உடனே ட்யூன் செய்தால் இரண்டாம் பாட்டிலேயே மானம் போகும். பெட்டியைத் திறந்து அரை மணி நேரம் ஆற விட்டு ட்யூன் செய்யுங்கள்.

காசிமேட்டுக் கடற்காற்றில் இன்னொரு தொல்லை: எஃகு ஸ்க்ரூ அலுமினியத்தைத் தொடும் இடத்தில் வெள்ளைப் பொடி பூத்து, ஸ்க்ரூ இறுகிவிடும். முறுக்கி உடைக்காதீர்கள். துரு இளக்கும் எண்ணெயை ஒரு இரவு ஊற விட்டுக் கழற்றி, திரும்பப் பூட்டும்போது மரையில் லேசாக கிரீஸ் தடவுங்கள்.

80-களின் ஸ்டைன்பெர்கர் தலையில்லா கிட்டாருக்கு (நெக் முனையில் கீ மாட்டும் பலகை இல்லாதது) இரு முனையிலும் உருண்டை வைத்த ஸ்ட்ரிங் வேண்டும்; நீளமும் சரியாக இருக்க வேண்டும். பக்கத்துக் கடையில் கிடைக்கும் சாதனம் அல்ல அது. நட் பக்கம் (நெக்கின் மேல்முனையில் ஸ்ட்ரிங் பதியும் இடம்) ஆலன் ஸ்க்ரூ வைத்த பிடிப்பான் இருந்தால் சாதாரண செட் போதும். உருண்டையை உடம்பின் மேல் இருக்கும் பிரிட்ஜில் மாட்டி, இழுத்து, ஸ்க்ரூவை இறுக்கி, மிச்சத்தை மடித்த பிறகே வெட்டுங்கள். மடிக்காமல் வெட்டினால் தடித்த ஸ்ட்ரிங்கின் சுற்று உள்ளே நழுவி, சத்தம் செத்துவிடும்.

மோட்டார் வைத்துத் தானே ட்யூன் ஆகும் கிட்டாரை கிப்சன் 2007-இல் விட்டது. 2015-இல் பெரும்பாலான மாடல்களில் மாட்டியதும் வாசிப்பவர்கள் கொதித்தார்கள். பேட்டரி போயிருந்தால் அதைக் கழற்றிவிட்டு சாதாரண கீயைப் பொருத்துவதே புத்திசாலித்தனம். கீ நுழையும் ஓட்டையின் அளவை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

1969-இல் வந்த ஆம்பெக்கின் கண்ணாடி போன்ற அக்ரிலிக் கிட்டாரை ஸ்பிரிட்டாலோ தின்னராலோ துடைக்காதீர்கள், ஸ்க்ரூ ஓரமெல்லாம் மயிரிழை விரிசல் விடும். சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணி போதும்.